மாரடைப்பு, கிளை பிரியும் இடத்தில் அடைப்பு: கேத் லேப் வாசலில் நிற்கும் வீட்டாருக்கு ஒரு வழிகாட்டி

"அடைப்பு கிளை பிரியுற இடத்துல இருக்கு. ஒரு ஸ்டென்ட்லயே முடிஞ்சிடலாம், ரெண்டாவதும் தேவைப்படலாம். கையெழுத்துப் போடுங்க." இதயக் குழாய்களுக்குள் சாய மருந்து செலுத்திப் படம் பார்க்கும் ஆஞ்சியோகிராமை முடித்த மருத்துவர், அதைச் செய்யும் அறையான கேத் லேப்பிலிருந்து வெளியே வந்து இப்படிச் சொல்லும்போது, யோசிக்க உங்களுக்கு ஐந்து நிமிடம்கூட இருக்காது. இதயத்துக்கு ரத்தம் கொடுக்கும் குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் அடைப்பு என்பதுதான் அவர் சொல்வது; ஸ்டென்ட் என்பது குழாயைத் திறந்தபடி தாங்கிப் பிடிக்கும் சிறு உலோக வலைக்குழாய். இது அரிதான நிலைமையும் அல்ல. அடைப்பை பலூனாலும் ஸ்டென்டாலும் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி செய்துகொள்பவர்களில் 15 முதல் 20 சதவீதம் பேருக்கு அடைப்பு இப்படிக் கிளை பிரியும் இடத்தில்தான் இருக்கிறது.

எந்த முறையில் செய்வது என்பது மருத்துவரின் முடிவு. நேரத்தைக் கடத்தாமல் இருப்பது, நோயாளியைப் பற்றி எதையும் மறைக்காமல் சொல்வது, பில்லை வரிவரியாகப் படிப்பது, வீடு திரும்பியபின் மாத்திரை விடாமல் பார்த்துக்கொள்வது ஆகியவை வீட்டாரின் வேலை. தமிழ்நாட்டில் இந்த வேலைகளை எந்த வரிசையில் செய்வது என்று கீழே இருக்கிறது.

1. மணியைக் குறியுங்கள், ஈசிஜி தாளைப் படம் எடுங்கள்

நெஞ்சு வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதுதான் எல்லா மருத்துவரும் முதலில் கேட்கும் கேள்வி. "காலையிலேர்ந்து" என்ற பதில் உதவாது. மணியை ஒரு தாளிலோ போனிலோ எழுதிவையுங்கள். 108-ஐ அழையுங்கள். நோயாளியை பைக்கில் உட்காரவைத்தோ, அவரையே கார் ஓட்டச் சொல்லியோ கிளம்பாதீர்கள். வழியில் இதயத் துடிப்பு தாறுமாறானால் ஷாக் கொடுக்கும் கருவி ஆம்புலன்ஸில்தான் இருக்கும்.

முதலில் எந்த இடத்துக்குப் போனாலும், போன 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்தாக வேண்டும். வாயுத் தொல்லை என்று சொல்லி ஊசி போட்டு அனுப்பினால், ஈசிஜி எடுக்காமல் அங்கிருந்து நகராதீர்கள். ஈசிஜி அச்சாகும் தாள் வெப்பத்தாள். சில மாதங்களில் வெளுத்துவிடும். கைக்கு வந்ததும் நேரம் தெரியும்படி படம் எடுங்கள். அடுத்த மருத்துவமனைக்கு அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் முன்கூட்டியே அனுப்பினால், நீங்கள் போய்ச் சேருவதற்குள் கேத் லேப் ஆட்களை வரவழைக்க முடியும்.

தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் முதல் தவணை மாத்திரைகளைக் கொடுக்கிறார்கள். ஆஸ்பிரின் 150 மில்லிகிராம் 2, குளோபிடோக்ரெல் 75 மில்லிகிராம் 4, அடார்வாஸ்டாடின் 10 மில்லிகிராம் 8 என மொத்தம் 14 மாத்திரைகள். இவற்றை வாங்கியிருந்தால் என்ன, எத்தனை, எத்தனை மணிக்கு என்று எழுதி வாங்குங்கள். இந்தச் சீட்டைப் பார்த்துத்தான் அடுத்த இடத்தில் எந்த ரத்த உறைவுத் தடுப்பு மருந்தை எவ்வளவு கொடுப்பது என்று தீர்மானிப்பார்கள். சீட்டு இல்லாவிட்டால் அதே மருந்து இரண்டு முறை உள்ளே போகலாம், அல்லது ஒரு முறைகூடப் போகாமல் விட்டுப்போகலாம்.

2. கேத் லேப் இப்போது ஓடுகிறதா என்று கேளுங்கள்

ஈசிஜி கோட்டில் எஸ்டி எனப்படும் பகுதி உயர்ந்திருந்தால், அதாவது ஸ்டெமி வகை மாரடைப்பு என்றால், மூன்று எண்களை நினைவில் வையுங்கள். கேத் லேப் உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போனால், நுழைந்ததிலிருந்து குழாய் திறக்கும்வரை 90 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். வேறு இடத்திலிருந்து அனுப்பப்பட்டால், முதலில் மருத்துவரைப் பார்த்ததிலிருந்து 120 நிமிடம். அந்த 120 நிமிடத்துக்குள் முடியாத தூரம் என்றால், இருக்கும் இடத்திலேயே 30 நிமிடத்துக்குள் கட்டியைக் கரைக்கும் ஊசி போட வேண்டும். எடைக்கேற்ப ஒரே தள்ளலில் போடும் டெனெக்டிபிளேஸ், அல்லது சொட்டாக ஏற்றும் 15 லட்சம் யூனிட் ஸ்ட்ரெப்டோகைனேஸ் என இரண்டில் ஒன்றாக அது இருக்கும்.

பலர் இந்த இடத்தில் ஏமாந்துபோகிறார்கள். ஊசி போட்டு வலி குறைந்ததும் "சரியாயிடுச்சு, நாலு நாள் கழிச்சு ஆஞ்சியோ பார்த்துக்கலாம்" என்று இருந்துவிடுகிறார்கள். ஊசி கட்டியைத்தான் கரைக்கும், அடைப்பு அப்படியே இருக்கும். ஊசி போட்ட உடனே கேத் லேப் உள்ள ஊருக்குக் கிளம்பி, 2 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராம் எடுக்க வேண்டும். 60 முதல் 90 நிமிடத்தில் எடுக்கும் மறு ஈசிஜியில் எஸ்டி உயரம் பாதிக்கு மேல் இறங்கவில்லை என்றால், ஊசி வேலை செய்யவில்லை என்று அர்த்தம்; அப்போது 2 மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஓமந்தூரார், மதுரை இராஜாஜி, கோவை, சேலம், தஞ்சாவூர், திருநெல்வேலி போன்ற அரசு மருத்துவமனைகளில் கேத் லேப் இருக்கிறது. 'இருக்கிறது' என்பதும் 'இரவு இரண்டு மணிக்கு ஓடும்' என்பதும் வேறு வேறு. அரசோ தனியாரோ, போனில் கேட்க வேண்டியவை இரண்டுதான்: இப்போது கேத் லேப் காலியா? ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் மருத்துவர் எத்தனை நிமிடத்தில் வருவார்? "வாங்க பாத்துக்கலாம்" என்று மட்டும் சொன்னால் அடுத்த எண்ணை அழையுங்கள்.

ஈசிஜியில் எஸ்டி உயராமல், இதயத் தசை சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் அளவு மட்டும் ரத்தத்தில் கூடியிருக்கும் மாரடைப்பில் சற்று அவகாசம் உண்டு. ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ செய்வார்கள். கிளை அடைப்பை நிதானமாகத் திட்டமிட அந்த அவகாசம் மருத்துவருக்கும் உதவும்.

3. தாள்கள்: நோயாளியோடு ஒருவர், தாளோடு ஒருவர்

ஒருவரே இரண்டையும் பார்க்க முடியாது. தாள் வேலைக்கு ஒருவரைத் தனியாக விடுங்கள். அவர் கையில் இருக்க வேண்டியவை: நோயாளியின் ஆதார், குடும்ப அட்டை, காப்பீட்டு அட்டை அல்லது பாலிசி எண், ஈசிஜி, முதலில் பார்த்த இடத்தின் சீட்டு, பழைய எக்கோ, ஆஞ்சியோ அறிக்கைகள், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள். மாத்திரைப் பெயரைச் சொல்லாதீர்கள், அட்டையையே காட்டுங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அட்டை தொலைந்திருந்தாலும் குடும்ப அட்டை எண்ணை வைத்துத் தேடி எடுக்கலாம். திட்டத்தின் இலவச எண் 1800 425 3993. அட்டையே வாங்கவில்லை என்றால் வருமானச் சான்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள திட்ட மையத்துக்கு ஓட வேண்டியிருக்கும். அடிக்கடி சிக்கல் வரும் இடம் ஒன்று உண்டு: நோயாளியின் பெயர் குடும்ப அட்டையில் இருக்காது, அல்லது ஆதாரில் வேறு எழுத்துகளில் இருக்கும். மகன் வீட்டுக்கு வந்திருந்த அம்மாவின் பெயர் ஊரில் உள்ள இன்னொரு அட்டையில் இருக்கும். அப்படியானால் அந்த அட்டையின் படத்தை ஊரிலிருந்து உடனே அனுப்பச் சொல்லுங்கள்.

மருத்துவமனையில் இந்தத் திட்டத்தைப் பார்ப்பவரைக் காப்பீட்டு கவுன்டரில் கேட்டால் காட்டுவார்கள். அவரிடம் கேட்க வேண்டியது: "அவசர ஒப்புதல் கேட்டாயிற்றா? இரண்டாவது ஸ்டென்ட் தேவைப்பட்டால் அது இதே ஒப்புதலில் வருமா, தனியாகக் கேட்க வேண்டுமா?" சிகிச்சை முடிந்தபின் இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவது கடினம். அரசு ஊழியர், ஓய்வூதியர், ஈஎஸ்ஐ உள்ளவர்களுக்கு வேறு திட்டங்கள் உண்டு. எந்த வகை என்று சேர்க்கும்போதே சொல்லிவிடுங்கள்.

தனியார் பாலிசி என்றால் கேஷ்லெஸ் விண்ணப்பத்துக்கு ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் ஒப்புதலுக்கு மூன்று மணி நேரத்திலும் நிறுவனம் பதில் சொல்ல வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024-ஆம் ஆண்டு விதி. அறை வாடகை வரம்பையும் பாருங்கள். வரம்புக்கு மேல் அறை எடுத்தால் மருத்துவர் கட்டணம் உள்ளிட்ட சில இனங்களை விகிதப்படி குறைப்பார்கள். ஸ்டென்ட், மருந்து, பரிசோதனைச் செலவில் அப்படிக் குறைக்கக் கூடாது. குறைத்திருந்தால் எழுதிக் கேளுங்கள்.

காப்பீட்டுப் பதிலுக்காக ஸ்டெமி நோயாளியின் சிகிச்சையைத் தள்ளிவைக்காதீர்கள். கையெழுத்து முதலில், கவுன்டர் பிறகு.

4. கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியவை

கிளை பிரியும் இடத்து வேலையில் சாய மருந்து கூடுதலாகச் செல்லும், உலோகமும் கூடுதலாகத் தங்கலாம். அதனால் இந்த விவரங்களுக்கு இரட்டிப்பு மதிப்பு.

சிறுநீரகக் கோளாறு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் கடைசியாக எடுத்தபோது இருந்த அளவு. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாரா. முன்பு பக்கவாதம் வந்ததா (வந்திருந்தால் பிராசுக்ரெல் என்ற ரத்த உறைவுத் தடுப்பு மருந்தைக் கொடுக்கவே கூடாது). வயிற்றுப்புண், கறுப்பாக மலம் போனது, மூலத்தில் ரத்தம். வார்ஃபாரின், ஏசிட்ரோம் போன்ற ரத்த உறைவுத் தடுப்பு மருந்துகள். சாய மருந்துக்கு முன்பு ஒவ்வாமை வந்ததா. டயாலிசிஸ் செய்பவர் என்றால் எந்தக் கையில் ஃபிஸ்டுலா. அடுத்த சில மாதங்களில் வேறு ஏதாவது அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறதா. கடந்த இரண்டு நாளில் வயாகரா வகை மாத்திரை சாப்பிட்டாரா. இதை மனைவி, பிள்ளைகள் முன் நோயாளி சொல்ல மாட்டார், மருத்துவர் தனியாகக் கேட்க வழிவிடுங்கள். அந்த மாத்திரையோடு, நெஞ்சு வலிக்குக் கொடுக்கும் நைட்ரேட் மருந்து சேர்ந்தால் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போகும்.

இன்னொன்று, சொல்லக் கூச்சப்படும் விஷயம்: ஒரு வருடம் மாத்திரை வாங்கித் தொடர்ந்து சாப்பிட வசதியும் ஒழுங்கும் இருக்கிறதா. இல்லை என்றால் அதையும் சொல்லுங்கள். எத்தனை ஸ்டென்ட், எந்த மருந்து என்ற முடிவையே அது மாற்றக்கூடும்.

5. அறிக்கையில் உள்ள மூன்று எண்களைப் படிப்பது எப்படி

கிளை அடைப்பை 'மெடினா' என்ற முறையில், ஒவ்வொன்றும் 1 அல்லது 0 ஆக உள்ள மூன்று எண்களால் எழுதுவார்கள். முதல் எண் கிளைக்கு முன்னுள்ள பிரதான குழாய், இரண்டாவது கிளைக்குப் பின்னுள்ள பிரதான குழாய், மூன்றாவது பக்கக் கிளை. 50 சதவீதமோ அதற்கு மேலோ அடைப்பு இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. 'எல்ஏடி-டயகனல், மெடினா 1,1,0' என்றால் பிரதான குழாயில் இருபுறமும் அடைப்பு, கிளையின் வாய் நன்றாக இருக்கிறது. '1,1,1', '1,0,1', '0,1,1' ஆகிய மூன்றுதான் இருபக்கமும் பாதித்த உண்மையான கிளை அடைப்புகள்.

இடமும் முக்கியம். இதயத்தின் முன்சுவருக்குப் போகும் எல்ஏடியும் அதன் டயகனல் கிளையும் பிரியும் இடத்தில்தான் அதிகம் வரும். இதயத்தின் பக்கவாட்டில் சுற்றிப்போகும் சர்க்கம்ஃப்ளெக்ஸ் குழாயும் அதன் ஓஎம் கிளையும் பிரியும் இடம், வலது குழாயின் கடைசிப் பிரிவு ஆகியவை அடுத்து வருபவை. இடது பிரதான குழாய், அதாவது லெஃப்ட் மெயின், இரண்டாகப் பிரியும் இடம்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. நிதானமான நிலையில் அங்கே பைபாஸ் அறுவையா, ஸ்டென்டா என்று இரு துறையினரும் கலந்து பேசுவார்கள். மாரடைப்பின் நடுவே ரத்த அழுத்தம் விழுந்துகொண்டிருக்கும்போது அந்தப் பேச்சுக்கு நேரம் இருக்காது. வேகமாகத் திறக்கும் வழியே வழி.

மாரடைப்பு நேரத்துப் படம் முழு உண்மையைக் காட்டாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ரத்தக்கட்டி கிளையின் வாயையே மறைத்திருக்கும். கட்டி விலகிய பிறகுதான் அங்கே இவ்வளவு பெரிய கிளை இருந்தது தெரியவரும். குழாய் சுருங்கியிருப்பதால் அதன் அளவும் குறைவாகத் தெரியும். உள்ளே போனபின் திட்டம் மாறினால் பதறாதீர்கள், இந்த வேலையில் அது வழக்கம்.

6. ஒரு ஸ்டென்ட் முறை: உள்ளே என்ன நடக்கிறது

'ரெண்டு வெச்சா இன்னும் நல்லதுதானே?' இல்லை. கிளை அடைப்புக்கு முதலில் எடுக்க வேண்டிய வழி ஒரே ஸ்டென்ட்தான்; ஐரோப்பிய கிளை அடைப்பு நிபுணர் குழு பல ஆண்டுகளாக வலியுறுத்துவதும் இதைத்தான். தேவைப்பட்டால் மட்டும் இரண்டாவது. இதற்கு 'பிரொவிஷனல்' முறை என்று பெயர். மாரடைப்பில் இது இன்னும் பொருந்தும்: ரத்தம் ஏற்கெனவே உறையத் துடிக்கும் இடத்தில் எவ்வளவு குறைவான உலோகமோ அவ்வளவு நல்லது.

மணிக்கட்டு வழியாக நுழைந்து, 0.014 அங்குலக் கம்பிகளில் ஒன்றைப் பிரதான குழாயிலும் ஒன்றைப் பக்கக் கிளையிலும் விடுவார்கள். கிளையில் விடும் கம்பி காவலுக்கு. ஸ்டென்ட் விரியும்போது கட்டியும் கொழுப்பும் கிளைக்குள் தள்ளப்பட்டு அது மூடிக்கொண்டால், வாய் எங்கே என்று காட்டுவது அந்தக் கம்பிதான். கட்டியை உறிஞ்சி எடுப்பதை முன்பு எல்லோருக்கும் செய்தார்கள். பக்கவாத ஆபத்து கூடுகிறது என்று 2015-இல் வந்த பெரிய ஆய்வுக்குப் பிறகு கட்டி மிகப் பெரிதாக இருந்தால் மட்டும் செய்கிறார்கள்.

பிறகு பிரதான குழாயை பலூனால் விரித்து ஸ்டென்ட் வைப்பார்கள். அளவில்தான் சூட்சுமம் இருக்கிறது. கிளை பிரிந்தபின் பிரதான குழாய் மெலிந்துவிடும். கிளைக்கு முந்தைய விட்டம் தோராயமாக, பிரிந்த இரண்டின் விட்டத்தையும் கூட்டி 0.678-ஆல் பெருக்கினால் வருவது. பிரிந்தபின் 3.0 மில்லிமீட்டர், கிளை 2.5 என்றால், முன்பகுதி சுமார் 3.7. ஸ்டென்டை 3.0 அளவில் எடுக்க வேண்டும். 3.75 எடுத்தால் அப்பால் உள்ள மெல்லிய பகுதி கிழியலாம், இரண்டும் பிரியும் நுனி நகர்ந்து கிளையின் வாயை அடைக்கலாம். ஆனால் 3.0 ஸ்டென்ட் முன்பகுதியில் சுவரைத் தொடாமல் தொங்கும். அதனால்தான் 3.75 அளவில் குட்டையான, கெட்டியான இன்னொரு பலூனை விட்டு முன்பகுதியை மட்டும் மறுபடி விரிக்கிறார்கள். கேத் லேப்பில் இதை 'பாட்' என்பார்கள். கிளை அடைப்பில் விடக்கூடாத படி ஒன்று உண்டென்றால் அது இதுதான். பலூனின் முனை பிரியும் நுனிக்குச் சற்று முன்னால் நிற்க வேண்டும். உள்ளே தள்ளி விரித்தால் கிளை அடைபடும், வெளியே விட்டால் ஸ்டென்ட் தொங்கிக்கொண்டே இருக்கும். அப்படித் தொங்கும் இடத்தில் ரத்தம் உறையும். எல்லா ஸ்டென்டும் எவ்வளவு வேண்டுமானாலும் விரியாது. அந்த உச்ச அளவைப் பார்த்துத்தான் மருத்துவர் எந்த ஸ்டென்ட் என்று தேர்ந்தெடுக்கிறார்.

இப்போது கிளையின் வாயில் ஸ்டென்டின் இழைகள் ஜன்னல் கம்பி போலக் குறுக்கே நிற்கும். ரத்தம் நன்றாகப் போகிறது, வலி இல்லை, ஈசிஜியில் எஸ்டி உயரம் இறங்குகிறது என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். படத்தில் கிளையின் வாய் சற்றுக் குறுகலாகத் தெரிவதை மட்டும் வைத்துத் தொடரத் தேவையில்லை. ரத்த ஓட்டம் குறைந்தாலோ, உள்சுவர் கிழிந்தாலோ, இழைகளின் ஊடே கிளைக்குள் மறுபடி கம்பியை விட்டு, இரண்டு குழாயிலும் ஒரே நேரத்தில் பலூன் விரிப்பார்கள். அதுதான் 'கிஸ்ஸிங் பலூன்'. அதன் பின் கடைசியாக ஒரு முறை 'பாட்'.

7. இரண்டாவது ஸ்டென்ட் எப்போது நியாயம்

கிளை 2.5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்து, இதயத் தசையின் கணிசமான பகுதிக்கு ரத்தம் கொடுத்து, அதன் அடைப்பு வாயோடு நிற்காமல் 10 மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே நீண்டிருந்தால் இரண்டாவது ஸ்டென்ட் பற்றிப் பேசலாம். மேலே சொன்னதெல்லாம் செய்தும் கிளையில் ஓட்டம் திரும்பவில்லை என்றாலும்தான். 2 மில்லிமீட்டருக்குக் குறைந்த கிளைக்கு ஸ்டென்ட் வைக்கிறேன் என்று யாராவது சொன்னால், ஏன் என்று கேளுங்கள்.

கிளை ஏறக்குறைய செங்குத்தாகப் பிரிந்தால் 'டி' முறை போதும். சாய்வாகப் பிரிந்தால் 'டி' முறையில் வாயில் ஓர் இடைவெளி விழும், மறுபடி அடைப்பு வருவது பெரும்பாலும் அங்கேதான். அதனால் கிளை ஸ்டென்டைப் பிரதான குழாய்க்குள் ஓரிரு மில்லிமீட்டர் நீட்டி வைக்கும் 'டாப்' முறையையோ, இரண்டு ஸ்டென்டும் முன்பகுதியில் ஒன்றுக்குள் ஒன்றாக அமையும் 'குலோட்' முறையையோ எடுப்பார்கள். இரண்டு குழாயும் ஏறக்குறைய ஒரே பருமன் என்றால் குலோட் நன்றாகப் பொருந்தும். இந்த மூன்றையும் ஒரு ஸ்டென்டில் தொடங்கி நடுவழியில் மாற்றிச் செய்ய முடியும். 'டிகே கிரஷ்' அப்படி அல்ல. முதலிலேயே கிளையில் ஸ்டென்ட் வைத்து, அதன் நீட்டிய பகுதியை நசுக்கி, ஒரு முறை கிஸ்ஸிங், பிறகு பிரதான ஸ்டென்ட், மறுபடி கிஸ்ஸிங் என்று போகும். லெஃப்ட் மெயின் பிரிவில் இதற்கு நல்ல ஆதாரம் உண்டு. 2017-இல் வந்த சீன ஆய்வில் ஒரு வருடத்தில் கோளாறு வந்தவர்கள் டிகே கிரஷில் 5 சதவீதம், பிரொவிஷனலில் 10.7 சதவீதம். ஆனால் 2021-இல் வந்த ஐரோப்பிய ஆய்வில், லெஃப்ட் மெயினிலும் பிரொவிஷனல் முறை இரண்டு ஸ்டென்டுக்குச் சளைக்கவில்லை. செய்யும் கையின் பழக்கம்தான் இங்கே பேசுகிறது.

இரண்டு ஸ்டென்ட் வைத்தால் கடைசி கிஸ்ஸிங் பலூன் கட்டாயம். டிஸ்சார்ஜ் அறிக்கையில் அது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு வழியும் பரவி வருகிறது: கிளையில் ஸ்டென்ட் வைக்காமல் மருந்து பூசிய பலூனை விரித்து எடுத்துவிடுவது. உலோகம் தங்காது. பலூன் விலை தனி.

ஐவஸ், ஓசிடி என்பவை குழாய்க்குள்ளிருந்தே படம் எடுப்பவை. ஸ்டென்ட் சுவரில் ஒட்டியிருக்கிறதா, மறுபடி விட்ட கம்பி சரியான இழை வழியே போனதா என்பதெல்லாம் ஆஞ்சியோ படத்தைவிட இதில் தெளிவாகத் தெரியும். லெஃப்ட் மெயினுக்கும் சிக்கலான கிளை அடைப்புக்கும் இதற்குச் செலவழிக்கும் பணம் வீண் இல்லை. ரத்த அழுத்தம் விழுந்து, உயிருக்குப் போராடும் நோயாளிக்கு அந்த நிமிடத்தில் வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள்.

8. கையெழுத்துக்கு முன் நான்கு கேள்விகள்

மாரடைப்புக்குக் காரணமான அடைப்பு எது? அதை மட்டும் இப்போது செய்கிறீர்களா, மற்றவற்றையும் சேர்த்தா? ஒரு ஸ்டென்டில் தொடங்குகிறீர்களா? இரண்டாவது தேவைப்பட்டால் வெளியே வந்து கேட்பீர்களா, இப்போதே ஒப்புதல் கொடுத்துவிடட்டுமா?

கடைசிக் கேள்விக்கு என் கருத்து: இப்போதே கொடுத்துவிடுங்கள். கம்பிகளும் பலூனும் உள்ளே இருக்கும்போது வீட்டாரைத் தேடி ஆள் அனுப்புவது நோயாளிக்கு நல்லதல்ல. "ஓட்டம் நின்றாலோ, உள்சுவர் கிழிந்தாலோ வைக்கலாம்" என்று ஒப்புதல் தாளிலேயே ஒரு வரி எழுதிக் கையெழுத்திடலாம். ரத்த அழுத்தம் மிகக் குறைந்து ஷாக் நிலையில் உள்ளவருக்குக் காரணமான அடைப்பை மட்டும் திறப்பதே சரி. "எல்லாத்தையும் ஒரேயடியா முடிச்சிடுங்க" என்று கேட்காதீர்கள்.

9. பில்

மருந்து பூசிய ஸ்டென்ட் ஒன்றுக்கு தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவிலை வைத்திருக்கிறது. ஆண்டுதோறும் சற்று மாறும். 2025 நிலவரப்படி 39,000 ரூபாய்க்குச் சற்றுக் கீழே, வரி தனி. உள்நாட்டுத் தயாரிப்பு, வெளிநாட்டுத் தயாரிப்பு, புதிய தலைமுறை எதுவானாலும் இதே உச்சவிலைதான். "அமெரிக்கன் ஸ்டென்ட், லட்சத்து இருபதாயிரம்" என்று யாராவது சொன்னால் அது சட்டத்துக்குப் புறம்பு. ஸ்டென்டின் பெயர், தயாரிப்பாளர், பேட்ச் எண், விலை ஆகியவற்றை பில்லில் தனி வரியாகக் காட்ட வேண்டும். பெட்டியில் உள்ள ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் அறிக்கையில் ஒட்டித் தருவார்கள். இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

கம்பி, பலூன், கேதீட்டருக்கு இப்படி உச்சவிலை இல்லை. கிளை அடைப்பில் பில் ஏறுவது இங்கேதான். சாதாரண அடைப்புக்கு ஒரு கம்பி, ஒன்றிரண்டு பலூன் போதும். கிளை அடைப்புக்கு இரண்டு மூன்று கம்பி, நான்கைந்து பலூன் போவது இயல்பு. எண்ணிக்கை கூடியதற்காகச் சண்டை போடாதீர்கள். பில்லில் உள்ள எண்ணிக்கையும் கேத் லேப் அறிக்கையில் உள்ள எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள். மருந்து பூசிய பலூன், ஐவஸ் இரண்டுக்கும் காப்பீடு தருமா என்பதை முன்பே கேளுங்கள். அரசுத் திட்டத்தில் சேர்த்துச் செய்த சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்டால் மேலே உள்ள இலவச எண்ணில் புகார் சொல்லலாம்.

10. வீட்டுக்கு வந்த பிறகு

சிக்கல் இல்லாதவர்களை இரண்டு மூன்று நாளில் அனுப்பிவிடுவார்கள். கிளம்பும் முன் எக்கோவில் இதயத்தின் பம்பிங் அளவும், சாய மருந்து சென்றபின் எடுத்த கிரியேட்டினினும் அறிக்கையில் இருக்க வேண்டும்.

ஆஸ்பிரின் 75 வாழ்நாள் முழுக்க. அதோடு குளோபிடோக்ரெல் 75 தினம் ஒன்று, அல்லது டிகாக்ரெலார் 90 காலை, இரவு இரண்டு வேளை, அல்லது பிராசுக்ரெல் 10. மாரடைப்புக்குப் பின் வழக்கமான காலம் 12 மாதம். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறையும் ஆபத்து முதல் 30 நாளில் மிக அதிகம். அப்போது ஒரு வேளை விட்டால்கூடச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த வேளையை வழக்கமான நேரத்தில் கொடுங்கள், இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள்.

மருந்துக் கடையில் நடக்கும் இரண்டு தவறுகளைக் கவனியுங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடார்வாஸ்டாடின் மூன்றும் சேர்ந்த கூட்டு மாத்திரை ஒன்று இருக்கிறது. அதையும் வாங்கி, தனி ஆஸ்பிரினையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். பிராண்டு மாறினால் அட்டையில் உள்ள மருந்துப் பெயர்களை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். அடுத்தது, வயிற்றெரிச்சலுக்கு ஒமிபிரசோல் கொடுப்பார்கள். அது குளோபிடோக்ரெலின் வேலையைக் குறைக்கும், பேன்டோபிரசோல் கேளுங்கள்.

டிகாக்ரெலார் சாப்பிடும் சிலருக்கு மூச்சு வாங்குவது போல இருக்கும். பயந்து நிறுத்திவிடாதீர்கள். மருத்துவர் வேறொன்றுக்கு மாற்றித் தருவார். பல் பிடுங்க வேண்டும் என்று பல் மருத்துவர் நிறுத்தச் சொன்னாலும் இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. ஸ்டென்ட் வைத்தவருக்கு எம்ஆர்ஐ எடுக்கவே கூடாது என்பது வதந்தி. ஸ்டென்ட் அட்டையைக் காட்டினால் எடுப்பார்கள்.

கறுப்பு மலம், நிற்காத ரத்தக்கசிவு, மணிக்கட்டில் வீக்கம் பெருகுவது, கை விரல்கள் குளிர்ந்து நிறம் மாறுவது என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். பழைய வலி போலவே மறுபடி வந்தால் 108.

11. மீதியுள்ள அடைப்புக்கு இரண்டாம் முறை

மாரடைப்புக்குக் காரணமில்லாத மற்ற பெரிய அடைப்புகளைப் பெரும்பாலும் வேறொரு நாளில் செய்வார்கள். 45 நாளுக்குள் முடிப்பது நல்லது என்று 2019-இல் வந்த பெரிய ஆய்வு காட்டியது. முதல் முறை தொடாமல் விட்ட பக்கக் கிளைக்கு நெஞ்சு வலி தொடர்கிறதா, ரத்த ஓட்டச் சோதனை என்ன சொல்கிறது என்பதைப் பார்த்துத்தான் முடிவு. படத்தில் குறுகலாக இருப்பது மட்டும் காரணமாகாது.

இந்த இரண்டாம் முறைக்குக் காப்பீட்டில் புதிதாக முன் ஒப்புதல் வேண்டும். ஆண்டு வரம்பில் எவ்வளவு மீதி என்று முதல் டிஸ்சார்ஜ் அன்றே கேட்டு எழுதிவையுங்கள். முதல் ஆஞ்சியோவின் சிடியை அல்லது பென் டிரைவ் பதிவைக் கையோடு வாங்குங்கள். எழுத்து அறிக்கை மட்டும் போதாது. வேறு மருத்துவமனையில் செய்வதானால் அங்குள்ள மருத்துவருக்கு வேண்டியது அந்த அசையும் படம்தான். அது இல்லாவிட்டால் இன்னொரு ஆஞ்சியோ, இன்னொரு முறை சாய மருந்து, இன்னொரு பில்.